வெறும் ஏணை

ரெட்டியார்பாளையத்து முருகையன் சந்தேகப்படாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐஸ். பெரிய மார்க்கெட்டில் மீன்காரர்களுக்கு ஐஸ் பார் உடைத்துக் கொடுப்பது அவன் தொழில். வெயில் பட்டால் உருகும், படாவிட்டால் உருகாது, இதில் ஒளிவுமறைவு கிடையாது என்பான். மற்றதெல்லாம் சந்தேகம்தான். பால் பாக்கெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். பஸ்ஸில் கண்டக்டர் காரணமில்லாமல் சிரித்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தபோது, துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிய நர்சிடம், "இது எங்களுதுதான்னு எப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டான். அந்த அம்மாள் துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, அப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்பிக்கை வராததுபோல மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முருகையன் சமாதானமாகிவிட்டான்.

பையனுக்குச் செம்மல் என்று பெயர். மூன்று மாதம் பாகூரில் தாய்வீட்டில் இருந்துவிட்டு இனியா பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். வந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. காலையெல்லாம் சிரித்துக் கிடக்கும் பிள்ளை, மத்தியானம் சாய்ந்தால் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். எதிர்வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வில்லியனூர்ப் பக்கம் நடையைக் கட்டிவிட்டது. விழுப்புரம் ரோட்டில் போகிற பஸ்காரர்கள் அந்த இடம் வந்தால், தங்கள் ஹாரனுக்கு மரியாதை இல்லை என்று அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அழுகை போனில் பாகூர்வரை கேட்டது. மாமியார் செல்வாம்பாள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு வர்றோம். பல்லு மொளைக்கிற வரைக்கும் தாயும் புள்ளையும் இங்கயே இருக்கட்டும். அங்க ஒண்டியா கெடந்து எம் பொண்ணு ஓடாப் போவுது."

இனியா இல்லாத அந்த மூன்று மாதம் முருகையனுக்கு நன்றாக நினைவிருந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், மீனை எடுத்துவிட்ட ஐஸ் பெட்டிபோல வீடு கிடக்கும். ஒருநாள் பேச்சுத் துணைக்குச் சோற்றுப் பானையையே சந்தேகப்பட்டு விசாரித்திருக்கிறான். மறுபடியும் அப்படியொரு காலம் அவனால் ஆகாது. இனியா என்ன நினைக்கிறாள் என்றும் தெரியவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அது வேறு ஒரு தனிச் சந்தேகமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பிள்ளைக்கு ஊசி. சுகாதார நிலையத்தில் ஊசி போட்டவுடன் விடமாட்டார்கள். "காய்ச்சல் கீய்ச்சல் வருதான்னு பாக்கணும், அரை மணி நேரம் உக்காருங்க" என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகளை மட்டும் சேர்த்துவைத்திருந்தால், அதைக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்.

பெஞ்சின் நடுவில் மாடிவீட்டு அஞ்சலாட்சி, மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்தபடி. மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவள். முருகையன் குடியிருப்பது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பிரான்சிலேயே தங்கிவிட்ட ஒரு சொல்தாவின் வீடு. கீழே முருகையன், மாடியில் அஞ்சலாட்சி. மாடிப்படி முருகையன் வீட்டு ஜன்னலை உரசிக்கொண்டு மேலே போகும். பெஞ்சின் ஓரத்தில் ஆட்டோ ஓட்டும் கோபிநாத், ஆளுக்கொரு தோளாக இரட்டைப் பெண் குழந்தைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஊசி போட்ட எடத்தத் தேய்க்காத இனியா. வீங்குனா பச்சத் தண்ணியில துணிய நனைச்சுப் போடு, போதும்" என்றாள் அஞ்சலாட்சி.

"அழுவுறதுக்கு வசம்பு சுட்டு ஒரசிக் குடுக்கலாமாக்கா?"

உள்ளேயிருந்து நர்சின் குரல் வந்தது. "உள்ளுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க! ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தான்!"

கோபிநாத் முருகையன் பக்கம் சாய்ந்தான். "இத பாரு முருகையா, பால் குடிச்சதும் படுக்கப் போட்டுடாதீங்க. பாலோட காத்தையும் சேத்து முழுங்கிடுதுங்க. இப்பிடித் தோள்ல சாச்சி முதுவத் தட்டு. ஏப்பம் வர்ற வரைக்கும் எறக்காத. எனக்கு ரெண்டு இருக்கு, எடது தோள்ல ஒண்ணு, வலது தோள்ல ஒண்ணு. சட்டையப் பாரு, எல்லாம் கக்குன பாலு."

முருகையன் சட்டையைப் பார்த்தான். இவன் எதற்கு இதை என்னிடம் சொல்கிறான் என்று யோசித்தான். மார்க்கெட்டில் ஒரு கைப்பிடி ஐஸ்கூட யாரும் சும்மா கொடுப்பதில்லை. இவன் கேட்காமலே, சிரித்த முகத்தோடு, இவ்வளவு பெரிய விஷயத்தைச் சும்மா தருகிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது.

"யோசிச்சி சொல்றேன்" என்றான்.

"என்னாத்தடா யோசிக்கப் போற? ஏப்பம்டா!"

அப்போதுதான் அஞ்சலாட்சி அந்த வார்த்தையைச் சொன்னாள். இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காததுபோல இனியாவைப் பார்த்தாள்.

"வயித்து வலின்னா வேற என்னா இருக்கப்போவுது? வெறும் ஏணைய யாரோ ஆட்டுறாங்க."

வெறும் ஏணையை, அதாவது பிள்ளை இல்லாத சேலைத் தொட்டிலை, ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று வலி வரும் என்பது, கரண்ட் கம்பியைத் தொட்டால் அடிக்கும் என்பதைப்போல அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் இனியா பக்கம் திரும்பினார்கள்.

"யாரு அக்கா ஆட்டுறது?" என்றான் முருகையன்.

"மத்தியானம் படியேறும்போது ஜன்னல்ல பாத்தேன் தம்பி. புள்ள உள்ள இல்ல. ஏணை பாட்டுக்கு அப்பிடியும் இப்பிடியும் போயிக்கிட்டு வருது."

"யாருன்னு கேக்குறேன்."

"அத நான் எதுக்குச் சொல்லணும்? ஆட்டுறவங்களுக்குத் தெரியும். இனிமேலாவது சூதானமா இருந்துக்கிட்டா செரி."

இனியா பிள்ளையின் குல்லாயைச் சரிசெய்தாள். சரியாக இருந்த குல்லாய் அது.

முருகையன் அதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கையைப் பிடித்துவிட்டால் அழுகை நிற்கும், அழுகை நின்றால் பாகூர் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பும் என்று அவன் மனம் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

முதல் சந்தேகம் அஞ்சலாட்சிமேல். பார்த்தேன் என்று சொல்பவள்தான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது சந்தேகம் வீட்டுப் பூனைமேல். அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேள்வி கேட்டான். அது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னது. சொன்னதை மாற்றாமல் சொல்வதால் விட்டுவிட்டான். வீட்டுக்காரச் சொல்தாவையும் விடவில்லை. "எங்க வீட்டு ஏணையை ஆட்டினீர்களா?" என்று வாட்ஸ்அப்பில் பாரிசுக்குக் கேட்டு அனுப்பினான். அங்கிருந்து "நோன்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இல்லை என்பதற்கு அவ்வளவு சின்னப் பதில் போதுமா என்று முருகையன் அன்று முழுவதும் யோசித்தான்.

அவனுடைய கஷ்டம் என்னவென்றால், குற்றம் நடக்கும் நேரத்தில் அவன் வீட்டிலேயேதான் இருந்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தான். கோழி கூவும் முன்னே மார்க்கெட்டுக்குப் போகிறவன், மத்தியானம் வந்து சாப்பிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தானானால் ஐஸ் பார்போலக் கிடப்பான். வலது கால் மட்டும் தூங்காது. காலையெல்லாம் ஐஸ் பாரை மிதித்து நகர்த்திய பழக்கத்தில், தூக்கத்திலும் அது ஒரே சீராக உதைத்துக்கொண்டேயிருக்கும். கல்யாணமான புதிதில் இனியா அதைப் பார்த்துப் பயந்து சாமியாடியைக் கூட்டிவந்தாள். சாமியாடி ஒரு மணி நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்து, கண் சொருகி அவரும் தூங்கிப்போனார். ஐஸ் தண்ணீரிலேயே நின்று நின்று அவன் பாதங்களும் மரத்துப்போயிருந்தன. எறும்பு கடித்தாலும் மறுநாள்தான் தெரியும்.

வியாழக்கிழமை ஏணையைச் சுற்றிலும் கூடம் முழுவதும் அரிசி மாவைத் தூவிவிட்டுப் படுத்தான். எழுந்து பார்த்தால் அந்நியக் கால் ஒன்றுகூட இல்லை. இனியாவின் தடம் மட்டும் ஏணையிலிருந்து அவன் பாய்க்கும், பாயிலிருந்து ஏணைக்கும் போய்வந்திருந்தது. பாவம், நமக்குக் கொசு கடிக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்திருக்கிறாள் என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது. அன்றைக்குத்தான் தன் வலது கால் பெருவிரலைச் சுற்றி மோதிரம்போல ஒரு சிவந்த கோடு இருப்பதைக் கண்டான்.

"எலி" என்றான்.

"எலியா?" என்றாள் இனியா.

"ஆமா. ஆனா மாவுல காலு வைக்காம வந்துட்டுப் போயிருக்கு. சரியான கைகாரன்."

இனியா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இரவல் கேட்டு ஒரு மணி வாங்கி வந்தான். தினமும் அவனிடம் ஐஸ் வாங்கும் குல்ஃபி வண்டிக்காரர் அம்மாவாசையின் பித்தளை மணி அது. ஏணை ஸ்பிரிங்கில் தொங்கியது. அதன் அடிமடிப்புக்குள், யார் கண்ணுக்கும் படாமல் மணியைக் கட்டினான். கீழே தலையணையைப் போட்டான். பிள்ளை உள்ளே இருந்தால் ஸ்பிரிங் இறங்கி மணி தலையணையில் அமுங்கிவிடும். பிள்ளையை எடுத்துவிட்டால் ஏணை மேலே ஏறும். அப்போது எவன் ஆட்டினாலும் தெருவே கூடும். இந்த ஏற்பாட்டை இனியாவிடம்கூட அவன் சொல்லவில்லை. விசாரணை என்று வந்துவிட்டால் பெண்டாட்டி, பூனை என்று பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் அள்ளும் நாள். உடைத்து உடைத்துக் கை ஓய்ந்து வந்தான். பாகூரிலிருந்து கிளம்பிவிட்டதாக மாமனார் ராமலிங்கம் போன் செய்திருந்தார். தூங்குவதுபோலப் பாவனை செய்துகொண்டு காவல் இருப்பது என்று தீர்மானித்துப் பாயில் சாய்ந்தான். பாவனை மிகப் பிரமாதமாக வந்தது. குறட்டைகூட விட்டான். அதற்கப்புறம் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

கனவில் அம்மாவாசை மணியடித்துக்கொண்டு வந்தார். "ரெண்டு குடு, ஒண்ணு பையனுக்கு" என்றான் முருகையன். மணி நிற்காமல் அடித்தது. யாருக்கும் குல்ஃபி வராமல் மணி மட்டும் அடிக்கிறதே என்ற சந்தேகத்தில்தான் அவனுக்கு விழிப்பு வந்தது.

மணி!

"புடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்து ஒரே எட்டு வைத்தான். அந்த எட்டு முடியவில்லை. காலை எதுவோ பிடித்து இழுக்க, அவன் முகம் குப்புற விழுந்தான். ஏணை அறுந்து அவன்மேல் விழுந்தது. ஏணைக்குள்ளிருந்து மணி கடைசியாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

சேலைக்குள் சிக்கிக்கொண்டே கையால் துழாவினான். கிழித்த வேட்டித் துணி ஒன்று கையில் தட்டியது. ஒரு முனை ஏணையில் கட்டியிருந்தது. அப்படியானால் திருடன் மறுமுனையில் இருந்தாக வேண்டும். துணியைப் பிடித்துக்கொண்டே மெள்ள மெள்ளப் போனான்.

மறுமுனையில் அவனுடைய கால் இருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது வாசலில் ஆட்கள். பை நிறைய முருங்கைக்கீரையோடு செல்வாம்பாள். அவள் பின்னால் ராமலிங்கம். மணிச் சத்தம் கேட்டுக் குல்ஃபி வாங்க இறங்கி வந்திருந்த அஞ்சலாட்சி. அடுப்படி வாசலில் இனியா, பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை மார்போடு அணைத்தபடி.

"யாரு கட்டுனது?" என்றான் முருகையன், தரையிலிருந்தே.

"நாந்தாங்க" என்றாள் இனியா.

"நீயா?"

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க? நீங்க வந்து படுத்தா எழுந்திரிக்கிறதே இல்ல. நான் ஒருத்தியா சமைக்கணும், துணி தொவைக்கணும், ஏணையும் ஆட்டணும். உங்க காலு சும்மாதான ஆடிக்கிட்டுக் கெடக்குது. எங்க அம்மாகிட்ட சொன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்குப் போவ இஷ்டம் இல்ல. அதான் கட்டுனேன்."

அந்த நான்கு நாளில் முருகையன் தேடிக்கொண்டிருந்த பதில்களில் ஒன்று, அவன் கேட்காமலே இப்படிக் கிடைத்தது. எனக்குப் போக இஷ்டம் இல்லை. அவன் அதை ஒருமுறை மனதுக்குள் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். நல்ல பாலாகவே தெரிந்தது.

"இந்த யோசனைய யாரு குடுத்தா?"

இனியா அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அஞ்சலாட்சி ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னாத் தம்பி அப்பிடிப் பாக்குற? எம் மூணு புள்ளையும் எங்க வூட்டுக்காரர் காலாலதான் வளந்துது. இன்னி வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தெரியாது, நீ போயி ஒளறி வைக்காத. ஆனா நான் புள்ளைய எடுத்தா மொதல்ல கயித்த அவுத்துடுவேன். இவ மறந்துட்டா. பெஞ்சில வெச்சி ஜாடையா சொன்னேன். அது இவளுக்கு வெளங்குச்சோ இல்லியோ, நீ போலீசு வேலைய ஆரம்பிச்சிட்ட."

"வெளங்குச்சிக்கா. பாலு குடுக்கப் போற அவசரத்துல மறந்துடுது" என்றாள் இனியா.

இவ்வளவு பேச்சுக்கு நடுவில் செம்மலுக்குத் தன் வேளை நினைவுக்கு வந்துவிட்டது. காலை மடக்கினான். முகம் சிவந்தது. எதிர்வீட்டில் மிச்சமிருந்த கோழிகள் எழுந்து நின்றன. செல்வாம்பாள் பையைக் கீழே வைத்துவிட்டு, "குடுடி இப்பிடி. இதுக்குத்தான் வந்தேன். துணிமணிய எடுத்து வை" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கைக்குப் போனால் பிள்ளை பாகூருக்குப் போய்விடும். முருகையன் காலில் ஏணையை இழுத்துக்கொண்டே குறுக்கே பாய்ந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். போட்டபின் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்திருந்த கோபிநாத்தின் யோசனை ஒன்றுதான். முதுகில் தட்டினான். ஐஸ் உடைக்கிற கை அது. கோழிக்குஞ்சின்மேல் வைப்பதுபோல வைத்து வைத்து எடுத்தான். ஒன்றும் வரவில்லை. பிள்ளை வீறிட்டது. கோபிநாத் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தட்டினான்.

ஏப்பம் வந்தது.

அது சாதாரண ஏப்பம் அல்ல. சுவரில் காலண்டர் ஒரு மாதம் முன்னால் புரண்டது. பாகூரிலிருந்து வந்த வண்டியின் டிரைவர், டயர் வெடித்துவிட்டது என்று இறங்கி நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார். செம்மல் அப்பன் தோளில் கொஞ்சம் பாலைக் கக்கிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்து ஊரைப் பார்த்துச் சிரித்தான்.

செல்வாம்பாள் நீட்டிய கையை மெதுவாக இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையை, சட்டையில் வழிந்த பாலை, காலில் தொங்கிய ஏணையை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எனக்கு மூணு ஆம்பளப் புள்ளைங்க. முழிச்சிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தன் ஏணையப் புடிச்சி ஆட்டுனதில்ல. மாப்ள தூக்கத்துலயே ஆட்டுறாரு" என்றாள். "வண்டிய அனுப்பிடுங்க. நாம சாய்ங்காலம் பஸ்ஸுல போயிக்கலாம். கீரைய ஆய்ஞ்சி வைடி, பாலூறும்."

பிறகு குனிந்து மாப்பிள்ளையின் பெருவிரலில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் போனவள், அதை விரலால் நிமிண்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னாடி முடிச்சுப் போட்டிருக்க? பெருவெரல்ல கட்டலாமா? அப்பிடியே வளையம் வுழுந்துடும், பொறவு ஆயுசுக்கும் போவாது. கணுக்கால்ல பழந்துணியச் சுத்தி, அதுக்கு மேல கட்டணும். நான் மொதப் புள்ளைக்கு…"

செல்வாம்பாள் அத்தோடு நிறுத்திக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துவிட்டு, கீரைப் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அஞ்சலாட்சியும், பிள்ளையை வாங்கிக்கொண்டு இனியாவும் பின்னாலேயே போனார்கள். உள்ளே குசுகுசுவென்று பேச்சும் அடக்கிய சிரிப்பும் கேட்டன.

கூடத்தில் ஆண்கள் இருவரும் ஏணைச் சேலைக்கு நடுவே நின்றார்கள். ராமலிங்கம் ஒரு காலத்தில் பேர்போன ஆள். வாலிபத்தில் பாகூர் ஏரியில் இறங்கியபோது முறத்தின் அகலத்துக்கு ஒரு நண்டு தன் வலது கால் பெருவிரலைக் கவ்விக்கொண்டதாகவும், கரைக்குக் கரை ஏரி முழுவதும் தன்னை இழுத்துக்கொண்டு போனதாகவும், கடைசியில் தானே அதற்கு அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்பியதாகவும் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்வார். நம்பாதவர்களுக்குச் செருப்பைக் கழற்றி, பெருவிரலைச் சுற்றி மோதிரம்போல விழுந்திருக்கும் தழும்பைக் காட்டுவார். முருகையன் பெண் பார்க்கப் போன அன்றே அவனுக்கும் அதைக் காட்டினார்.

இப்போது யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றினார். தன் விரலைப் பார்த்தார். மாப்பிள்ளையின் விரலைப் பார்த்தார். மறுபடியும் தன் விரலைப் பார்த்தார்.

"மாமா," என்றான் முருகையன் மெல்லிய குரலில், "அந்த நண்டு…"

"சாப்புடலாம் வா மாப்ள" என்றார் ராமலிங்கம்.

உள்ளே சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இலை போட்டார்கள். இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, அடுப்படி வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி, சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை தங்கள் வலது காலை இடது தொடைக்கு அடியில் யார் கைக்கும் எட்டாதபடி மடக்கி வைத்துக்கொண்டார்கள்.